உங்களுக்குத் தெரியுமா? ஐபீஸ் வாங்கும் முன் சில சங்கதிகள்

தொலைநோக்கி வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வரும்: சனியின் வளையத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பார்க்க வேண்டும். அதற்குக் குவியத் தூரம் குறைந்த ஒரு கண்ணருகு லென்ஸ், அதாவது ஐபீஸ் வேண்டும். தேடப் போனால் 4 மி.மீ., 6 மி.மீ., 7 மி.மீ. என்று ஒரு வரிசை. 50 டிகிரி, 68 டிகிரி, 82 டிகிரி, 100 டிகிரி என்று இன்னொரு வரிசை. எதை எடுப்பது? உலகெங்கும் பொழுதுபோக்கு வானியலர்கள் விரும்பி வாங்கும் 8 அங்குல டாப்ஸோனியன் தொலைநோக்கியை (குவியத் தூரம் 1200 மி.மீ., எஃப்/6) உதாரணமாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

● எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதை ஐபீஸ் மட்டும் தீர்மானிப்பதில்லை. தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். நம் 1200 மி.மீ. தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு தரும், 10 மி.மீ. 120 மடங்கு, 6 மி.மீ. 200 மடங்கு. அதே 6 மி.மீ. ஐபீஸை 650 மி.மீ. குழாயில் போட்டால் 108 மடங்குதான். 2032 மி.மீ. குவியத் தூரம் கொண்ட 8 அங்குல ஷ்மிட்–காஸெக்ரேன் வகைத் தொலைநோக்கியில் போட்டால் ஏறக்குறைய 340 மடங்கு! ஆகவே, "எந்த ஐபீஸ் நல்லது?" என்று கேட்பவரிடம் முதலில் "உங்கள் தொலைநோக்கி எது?" என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

● "525 மடங்கு!" என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் 60 மி.மீ. தொலைநோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு பொய்யில்லை. 700 மி.மீ. குழாய், 4 மி.மீ. ஐபீஸ், நடுவே பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸ். வகுத்துப் பெருக்கினால் சரியாக 525 வரும். ஆனால் 60 மி.மீ. லென்ஸால் தாங்கக்கூடியது அதிகபட்சம் 120 மடங்குதான். அதற்கு மேலே போனால் தெரிவது பெரிய கலங்கல்.

● தொலைநோக்கியின் முன்வாய்த் துளையின் விட்டம் எத்தனை மி.மீ.யோ அதைப்போல் இரு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சவரம்பு என்பது பொது விதி. 8 அங்குலம் என்பது 203 மி.மீ.; அப்படியானால் 400 மடங்கு போகலாமே? போகலாம், காற்று விட்டால். நமக்கும் கிரகத்துக்கும் நடுவே இருக்கும் வளிமண்டலம் பெரும்பாலான இரவுகளில் 200 முதல் 250 மடங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. தலைக்கு மேலே நட்சத்திரங்கள் படபடவென்று கண்சிமிட்டினால் அன்றைக்குச் சின்ன ஐபீஸைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

● பகலெல்லாம் வெயிலை வாங்கிய மொட்டை மாடி, இரவில் அந்தச் சூட்டை மெதுவாக வெளிவிடும். பக்கத்து வீட்டுக் கான்கிரீட் கூரைக்கு நேர் மேலே வியாழன் இருந்தால், 200 மடங்கில் அது கொதிக்கும் நீரடியில் கிடக்கும் காசு போல நெளியும். பழி ஐபீஸின் மேல் விழும்! தொலைநோக்கியை வெளியே வைத்து, கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரைமணி முதல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால், பாதிக் குறை பணச் செலவில்லாமலே தீரும்.

● உயர் பெருக்கத்துக்குத் தமிழ்நாடு கொடுத்துவைத்த இடம். கிரகங்கள் சூரியப் பாதையை ஒட்டியே நகர்கின்றன. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், அந்தப் பாதையின் எந்தப் பகுதியும் உச்சிக்கு வரும்போது அடிவானிலிருந்து 50 டிகிரிக்கு மேலேயே இருக்கும். லண்டனில் சில ஆண்டுகளில் வியாழனும் சனியும் உச்சத்திலேயே 15 டிகிரி உயரம்தான் எழும்பும். தாழ்வாக இருக்கும் கிரகத்தை நிறையக் காற்றின் ஊடே பார்க்க வேண்டும். உயரத்தில் இருப்பதைக் குறைவான காற்றின் ஊடே பார்க்கலாம். அங்கே பயன்படாத 6 மி.மீ. ஐபீஸ் இங்கே பயன்படும்.

● மில்லிமீட்டரை விட முக்கியமான எண் ஒன்று உண்டு: ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம். ஐபீஸின் குவியத் தூரத்தைத் தொலைநோக்கியின் எஃப் எண்ணால் (தொலைநோக்கியின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது) வகுத்தால் அது கிடைக்கும். 6 மி.மீ. ஐபீஸ், எஃப்/6 தொலைநோக்கி என்றால் 1 மி.மீ. இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பகலில் தொலைநோக்கியை வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்புங்கள் (சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்). ஐபீஸிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று பாருங்கள். அதன் வாயில் சின்னதாக ஓர் ஒளிவட்டம் மிதக்கும். 25 மி.மீ. ஐபீஸில் அது மிளகளவு இருக்கும்; 6 மி.மீ. ஐபீஸில் கடுகை விடச் சிறியது.

● அந்த ஒளிக்கற்றை 1 மி.மீ. அளவில் இருக்கும்போது கிரகங்களில் நுணுக்கமான விவரங்கள் நன்றாகத் தெரியும். அரை மி.மீ.க்கு இறங்கினால் படம் மங்கும். அதோடு, உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் நுண்ணிய இழைகளும் புள்ளிகளும் வியாழனின் மேல் ஊர்ந்து போகும்! எஃப்/6 தொலைநோக்கியில் 3 மி.மீ. ஐபீஸ் போடுகிறவர் பல சமயம் தன் கண்ணுக்குள் இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

● உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கினால் படத்தின் பரப்பு நான்கு மடங்காகும். அதே ஒளி நான்கு மடங்கு இடத்தில் பரவ வேண்டியிருப்பதால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும். நிலவும் வியாழனும் பிரகாசமானவை என்பதால் தாங்கும். மங்கலான நெபுலாக்கள் தாங்காது.

● வியாழனை வெறுங்கண்ணில் தெரியும் முழுநிலவின் அளவுக்குப் பார்க்க எத்தனை மடங்கு வேண்டும்? வெறும் 40! பூமிக்கு அருகே வரும் காலத்தில் வியாழனின் கோண விட்டம் சுமார் 45 விகலை. அதை 40-ஆல் பெருக்கினால் அரை டிகிரி. நிலவின் விட்டமும் அதேதான். 200 மடங்கில் வியாழன் ஐந்து நிலாக்களை வரிசையாக வைத்த அகலத்துக்குத் தெரிய வேண்டும். ஆனாலும் முதல்முறை பார்ப்பவர்கள் "இவ்வளவு சின்னதா?" என்றுதான் கேட்பார்கள். சுற்றிலும் ஒப்பிட எதுவும் இல்லாத கறுப்பு வானம் செய்யும் மாயம் அது.

● 384,400 கி.மீ. தொலைவில் உள்ள நிலவை 200 மடங்கில் பார்ப்பது, 1,900 கி.மீ. உயரத்திலிருந்து வெறுங்கண்ணால் பார்ப்பதற்குச் சமம்.

● ஐபீஸின் மேல் 82° என்று அச்சிட்டிருந்தால், வானத்தில் 82 டிகிரி தெரியும் என்று அர்த்தமில்லை. கண்ணை வைத்ததும் விரியும் வட்டம் எவ்வளவு அகலமாகத் தோன்றும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதை உருப்பெருக்கத்தால் வகுத்தால்தான் உண்மையில் தெரியும் வானப்பரப்பு கிடைக்கும். 82-ஐ 200-ஆல் வகுத்தால் 0.41 டிகிரி. முழு நிலவு அதற்குள் அடங்காது.

● கலிலியோவுக்கும் இதே தொல்லைதான். 1610-இல் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்ட அவருடைய தொலைநோக்கி ஏறக்குறைய 20 மடங்குதான் பெரிதாக்கியது. அதில் தெரிந்த வட்டமோ கால் டிகிரி. முழு நிலவை ஒரே பார்வையில் அவரால் காண முடியவில்லை. பகுதி பகுதியாகப் பார்த்துத்தான் வரைந்தார். இன்றைக்கு 100 டிகிரி ஐபீஸ் வைத்திருப்பவர், 200 மடங்கிலேயே அவரைப் போல் இரு மடங்கு அகலமான வானத்தைப் பார்க்கிறார்.

● அகலக் கோணத்துக்கு ஏன் இத்தனை மவுசு? பூமி சுழல்கிறதே, அதனால்தான். வானநடுக்கோட்டுக்கு அருகே உள்ள எந்தப் பொருளும் நிமிடத்துக்குக் கால் டிகிரி நகரும். நம் 200 மடங்கில், 50 டிகிரி ஐபீஸின் ஓரத்தில் நுழையும் சனி சரியாக 1 நிமிடத்தில் மறு ஓரத்தில் வெளியேறிவிடும். 82 டிகிரி என்றால் 98 விநாடி. 100 டிகிரி என்றால் 2 நிமிடம். மோட்டார் இல்லாத டாப்ஸோனியனைக் கையால் தள்ளித் தள்ளித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை தள்ளியதும் ஆட்டம் அடங்கச் சில விநாடிகள் போகும். காற்று ஒரு கணம் அசையாமல் நின்று வளையத்தின் காஸினி இடைவெளி பளிச்சென்று தெரியும் நேரத்தில், உங்கள் கை தள்ளிக்கொண்டிருந்தால் போயிற்று. அகலக் கோணத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் நீங்கள் வாங்குவது இந்த விநாடிகளைத்தான்.

● டாப்ஸோனியன் என்னும் எளிய தொலைநோக்கிக்குப் பெயர் கொடுத்த ஜான் டாப்ஸன் ஒரு வேதாந்தத் துறவி! 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். 1944-இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபு மடத்தில் சேர்ந்தார். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கிக் கண்ணாடிகள் செய்தார். அதிலேயே மூழ்கிப்போனதால் 1967-இல் மடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு நடைபாதையில் தொலைநோக்கியை வைத்து, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். 2014-இல் மறைந்தார்.

● ஐபீஸின் வம்ச வரலாறு நீளமானது. 17-ஆம் நூற்றாண்டில் ஹைகன்ஸ் இரண்டு லென்ஸ்களை இடைவெளி விட்டு வைத்து நிறப்பிழையைக் குறைத்தார். 1849-இல் கெல்னர். 1860-இல் வியன்னாவின் ப்ளாசல். அவர் வகுத்த அமைப்புதான் இன்றைக்கும் மலிவு விலை ஐபீஸ்களின் ராஜா, ஏறக்குறைய 50 டிகிரி. 1880-இல் ஜெர்மனியின் ஏர்ன்ஸ்ட் ஆபே, கிரகம் பார்ப்பவர்கள் இன்னும் கொண்டாடும் ஆர்த்தோஸ்கோப்பிக் அமைப்பைத் தந்தார். கோணம் சுமார் 40, 45 டிகிரி. 60 டிகிரியைத் தொட ஒரு போர் வேண்டியிருந்தது: முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவக் கருவிகளுக்காக ஹைன்ரிஷ் எர்ஃப்ளே அகலக் கோண ஐபீஸை வடிவமைத்தார்.

● 82 டிகிரிக்கு வழி திறந்தது நிலவுப் பயணம். அமெரிக்கரான அல் நாக்லர், அப்போலோ வீரர்கள் நிலவில் இறங்கப் பழகிய பயிற்சிக் கருவிக்கு அகலக் கோண ஒளியியலை வடிவமைத்தவர்களில் ஒருவர். விண்கல ஜன்னல் வழியே பார்ப்பது போன்ற காட்சி அதில் கிடைத்தாக வேண்டும். அந்த அனுபவத்தோடு 1977-இல் டெலி வியூ நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் செய்தது பெரிய திரைத் தொலைக்காட்சிகளுக்கான லென்ஸ். 1980 வாக்கில்தான் 13 மி.மீ., 82 டிகிரி "நாக்லர்" ஐபீஸ் வந்தது. 2007-இல் அதே நிறுவனம் "ஈதோஸ்" வரிசையில் 100 டிகிரியைத் தொட்டது. அந்த வரிசையிலேயே 3.7 மி.மீ. ஐபீஸ் 110 டிகிரி. எக்ஸ்ப்ளோர் சயன்டிஃபிக் நிறுவனத்தின் 9 மி.மீ. ஐபீஸ் 120 டிகிரி!

● ஆனால் 100 டிகிரியையும் ஒரே பார்வையில் கூர்மையாகக் காண யாராலும் முடியாது. நம் கண் மிகத் துல்லியமாகப் பார்ப்பது நடுவே இரண்டு டிகிரி அளவுதான். 50 டிகிரி ஐபீஸில் வட்டத்தின் விளிம்பு எப்போதும் கண்ணில் படும். 82 டிகிரியில் விளிம்பைத் தேடிக் கண்ணைத் திருப்ப வேண்டும். 100 டிகிரியில் விளிம்பைப் பார்க்கத் தலையையே சாய்க்க வேண்டியிருக்கும். கிரகம் மட்டும் பார்ப்பவருக்கு இதனால் அதிக லாபமில்லை. நட்சத்திரக் கொத்து பார்ப்பவருக்கு அதுவே பெரும் பரவசம்.

● பழைய பாணிச் சின்ன ஐபீஸ்களின் பெரிய துன்பம், கண்ணை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டியிருப்பது. 6 மி.மீ. ப்ளாசலில் முழு வட்டமும் தெரிய, கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே 4, 5 மி.மீ. இடைவெளிதான் இருக்கலாம். இமை முடி லென்ஸில் உரசும். ஒவ்வொரு உரசலுக்கும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். பத்து நிமிடத்தில் சனி புகைமூட்டத்துக்குள் போய்விடும். புதிய அகலக் கோண ஐபீஸ்கள் பலவற்றில் 15 முதல் 20 மி.மீ. வரை இடைவெளி கிடைக்கிறது. உதாரணமாக, டெலி வியூவின் "டெலோஸ்" (72 டிகிரி), பென்டாக்ஸின் எக்ஸ்.டபிள்யூ (70 டிகிரி) இரண்டிலும் எந்தக் குவியத் தூரமானாலும் 20 மி.மீ.

● 5 மி.மீ. ஐபீஸில் 20 மி.மீ. இடைவெளி எப்படி? உள்ளே ஒரு தந்திரம் இருக்கிறது. குழாயின் அடிப்பக்கம் ஒரு குழிலென்ஸ் தொகுதி; அது வரும் ஒளியைக் கொஞ்சம் விரித்துவிடும். மேலே இருப்பது உண்மையில் நீண்ட குவியத் தூர ஐபீஸ். இரண்டும் சேர்ந்து வெளியே 5 மி.மீ. வேஷம் போடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோவின் பெயரால் விற்கும் பார்லோ லென்ஸும் இதே வேலையைத்தான் தனியாக நின்று செய்கிறது. கையில் நல்ல 13 மி.மீ. ஐபீஸ் இருந்தால், 2 மடங்கு பார்லோ போட்டு 6.5 மி.மீ. ஆக்கிக்கொள்ளலாம்.

● மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் அகலமான இடைவெளி கட்டாயம் என்பார்கள். எல்லோருக்கும் இல்லை. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தொலைநோக்கியின் குவியத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். ஆஸ்டிக்மாட்டிசம், அதாவது கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் எண் உள்ளவர்களுக்குத்தான் சிக்கல். அவர்களுக்கும் ஒரு நல்ல சேதி: 1 மி.மீ. ஒளிக்கற்றை கண்ணின் நடுப்பகுதியில் ஒரு சிறு புள்ளி வழியாகவே நுழைவதால், அந்தக் குறை உயர் பெருக்கத்தில் பெரிதாகத் தெரியாது.

● அகலக் கோண ஐபீஸுக்குள் ஏழெட்டு லென்ஸ்கள் இருப்பது சாதாரணம். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். எட்டுப் பரப்புகளைத் தாண்டுவதற்குள் கால் பங்குக்கு மேல் காலி. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் ஓலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இல்லையென்றால் இன்றைய ஐபீஸ்கள் இல்லை. விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால் பச்சையாகவோ ஊதாவாகவோ மினுங்குவது அந்தப் பூச்சுதான்.

● ஒரே ஐபீஸ் ஒரு தொலைநோக்கியில் தங்கம், இன்னொன்றில் தகரம். எஃப்/10 குழாயில் ஒளி மெல்லிய கூம்பாக வருவதால் மலிவான அகலக் கோணமும் சமாளித்துவிடும். எஃப்/5-இல் கூம்பு அகன்றது. ஓரத்து நட்சத்திரங்கள் பிசிறும். சோதிக்க வழி இதுதான். ஒரு நட்சத்திரத்தை நடுவில் கூர்மையாக்கி, ஓரத்துக்குத் தள்ளுங்கள். மங்கினால் குவியத்தைக் கொஞ்சம் திருகுங்கள். கூர்மையாகிவிட்டால், அது காட்சிப் புலத்தின் வளைவு மட்டுமே. இந்தப் பக்கம் திருகினால் கோடாகவும், அந்தப் பக்கம் திருகினால் அதற்குக் குறுக்கான கோடாகவும் நீண்டால், அது ஐபீஸின் ஆஸ்டிக்மாட்டிசம், திருகித் தீராது.

● குறுகிய குவியத் தூர ஐபீஸைச் செருக 2 அங்குலக் குழாய் தேவையில்லை. 6 மி.மீ., 82 டிகிரி ஐபீஸின் உள்வட்டம் சுமார் 9 மி.மீ.தான், சாதாரண 1.25 அங்குலக் குழாயில் தாராளமாக அடங்கும். பழைய சின்னத் தொலைநோக்கிகளில் 0.965 அங்குலக் குழாய் இருக்கும். வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். எடையையும் பாருங்கள். நீண்ட குவியத் தூர அகலக் கோணங்களில் ஒரு கிலோ கனப்பவை உண்டு. டாப்ஸோனியனின் மூக்கு தானாகவே கீழே இறங்கிவிடும்.

● ஒமேகா சென்டாரி என்னும் பிரம்மாண்ட நட்சத்திரக் கொத்து லண்டனில் உதிப்பதே இல்லை. கன்னியாகுமரியில் அடிவானிலிருந்து 34 டிகிரி உயரம் வரை எழுகிறது. அதன் அகலம் அரை டிகிரிக்கும் மேல். ஏப்ரல், மே இரவில் 82 டிகிரி ஐபீஸில் 200 மடங்கில் பாருங்கள்: வட்டம் முழுக்க, ஓரம் வரை, நட்சத்திரங்கள்தான்.

● ஐபீஸ்களின் முக்கிய எதிரி நம் ஊர் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை வேர் விட்டுவிடும்; பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், போதும். தூசியைக் காற்று ஊதியால் ஊதுங்கள். சட்டை நுனியால் துடைக்கவே கூடாது.

● பழைய சின்னத் தொலைநோக்கிகளோடு, ஐபீஸில் திருகும் கறுப்பு "சூரிய வடிகட்டி" ஒன்று வரும். அதைக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டால் பார்வை ஒரு நொடியில் போய்விடும். சூரிய வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயை முழுதாக மூட வேண்டும். வேறு வழியில்லை.

● சரி, முடிவாக எதை வாங்குவது? உங்கள் தொலைநோக்கியின் எஃப் எண் எதுவோ, ஏறக்குறைய அதே மி.மீ.யில் ஐபீஸ் வாங்குங்கள். ஒளிக்கற்றை தானாக 1 மி.மீ. ஆகிவிடும். எஃப்/6-க்கு 6 அல்லது 7 மி.மீ.; எஃப்/10-க்கு 10 மி.மீ. கையால் தள்ளும் தொலைநோக்கி என்றால் 68 முதல் 82 டிகிரி. மோட்டார் தானாகப் பின்தொடரும் தொலைநோக்கியில் கிரகம் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால், நல்ல ப்ளாசலோ ஆர்த்தோஸ்கோப்பிக்கோ போதும். மிச்சப் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். கண்ணாடி கழற்ற முடியாதவர்கள் 15 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளியைத் தொட வேண்டாம். வாங்கும் முன் ஊரில் வான் நோக்கு நிகழ்ச்சி நடந்தால் போய், இன்னொருவருடைய ஐபீஸில் ஒருமுறை கண்ணை வைத்துப் பாருங்கள். மூன்று மலிவு ஐபீஸ்களை விட, பொருத்தமான ஒன்றே மேல்.